கிரியோனின் ஆணையும் ஆன்டிகனியின் ஈமக்கடனும்

பண்டைக் கிரேக்க நாடகாசிரியர் சோஃபகிளீஸின் 'ஆன்டிகனி' நாடகத்தில் கிரியோன் அரசின் சட்டத்துக்காக நிற்கிறான், ஆன்டிகனி குடும்பக் கடமைக்காக நிற்கிறாள், இரண்டு பக்கமும் சம அளவு நியாயம் இருப்பதால்தான் அது துன்பியல் ஆகிறது என்று பாடத்தில் சொல்கிறார்களே, அது சரிதானா என்பது கேள்வி.

பாதி சரி. கிரியோனிடம் உண்மையிலேயே ஒரு வாதம் இருக்கிறது. அதை வில்லன் பேச்சு என்று தள்ளிவிட்டுப் படித்தால் நாடகம் சப்பென்று போய்விடும். ஆனால் 'சம அளவு' என்பதற்கு நாடகத்துக்குள் ஆதாரம் கிடையாது. அதைவிடப் பெரிய சிக்கல், 'இந்தப் பக்கம் அரசு, அந்தப் பக்கம் குடும்பம்' என்று கோடு கிழிப்பதே கி.மு. 5ஆம் நூற்றாண்டு ஏதென்ஸுக்குச் சரியாகப் பொருந்தாது என்பதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் கதை, சுருக்கமாக. தீப்ஸ் நகரத்து ஈடிபஸுக்கு இரண்டு மகன்கள், எட்டியோகிளீஸ், பொலினைசீஸ். ஆட்சி யாருக்கு என்ற சண்டையில் பொலினைசீஸ் வெளியேறி, ஆர்கோஸ் நாட்டுப் படையைத் திரட்டிக்கொண்டு சொந்த ஊர்மீதே வருகிறான். ஏழு வாயில்களிலும் போர். அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் கொன்று விழுகிறார்கள். படை ஓடிவிடுகிறது. ஆட்சி தாய்மாமன் கிரியோன் கைக்கு வருகிறது. ஊரைக் காத்து இறந்த எட்டியோகிளீஸுக்கு முழு மரியாதையோடு அடக்கம். பொலினைசீஸை யாரும் புதைக்கவும் கூடாது, அழவும் கூடாது, நாயும் பறவையும் தின்னட்டும் என்பது அவன் போடும் முதல் ஆணை. மீறினால் மரணம். தங்கை ஆன்டிகனி மீறுகிறாள். நம் ஊரில் பிடி மண் போடுவதுபோல, உடல்மேல் வறண்ட புழுதியைத் தூவிச் சடங்கு செய்கிறாள். பிடிபடுகிறாள். அவளுக்கு நிச்சயிக்கப்பட்ட மாப்பிள்ளை வேறு யாருமில்லை, கிரியோனின் சொந்த மகன் ஹீமோன். கடைசியில் ஆன்டிகனி, ஹீமோன், கிரியோனின் மனைவி யூரிடிசி மூவரும் தற்கொலை செய்துகொள்ள, கிரியோன் மட்டும் உயிரோடு எஞ்சுகிறான்.

இரு பக்கமும் நியாயம் என்ற கருத்தை உலகம் முழுக்கப் பரப்பியவர் ஜெர்மன் தத்துவஞானி ஹெகல், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அரசும் குடும்பமும் இரண்டுமே அறத்தின் உண்மையான வடிவங்கள். ஒவ்வொருவரும் தன் பாதியை முழுமை என்று நினைத்து மற்றதை மிதிப்பதால் இருவரும் அழிகிறார்கள் என்பது அவர் வாதம். அழகான வாதம். 200 ஆண்டுகளாகப் பாடப்புத்தகங்கள் இதைச் சுருக்கிச் சுருக்கிக் கடைசியில் ஒரு பட்டிமன்றத் தலைப்பாக்கிவிட்டன என்பதற்கு அவர் பொறுப்பில்லை.

கிரியோன் பக்கத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். அவன் மேடைக்கு வந்து பேசும் முதல் உரை உண்மையிலேயே நல்ல உரை. ஒருவன் ஆட்சியில் அமர்ந்து சட்டம் போட்டுக் காட்டும்வரை அவன் மனமும் அறிவும் எப்படிப்பட்டவை என்று யாருக்கும் தெரியாது என்கிறான். நல்ல யோசனை தெரிந்திருந்தும் பயத்தால் வாயை மூடிக்கொள்கிற தலைவன் கேடுகெட்டவன். நாட்டைவிட நண்பன் பெரிது என்பவனை நான் ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை. ஊர் என்ற கப்பல் நேராக மிதந்தால்தான் நமக்கு நண்பர்களே உண்டாவார்கள் என்று தொடர்கிறான். அன்று விடிகாலையில்தான் முற்றுகை நீங்கியிருக்கிறது. அரச குடும்பச் சண்டையால் ஊரே அழியப் பார்த்திருக்கிறது. 'சொந்தம் பந்தம் அப்புறம், ஊர் முதலில்' என்று அந்த நேரத்தில் ஒருவன் சொன்னால் கைதட்டல் வரத்தான் செய்யும்.

ஏதென்ஸ்காரர்கள் இதை எப்படிக் கேட்டார்கள் என்பதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. நாடகம் அரங்கேறியது கி.மு. 441 வாக்கில். ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து, கி.மு. 343இல், ஏதென்ஸின் பேச்சாளர் டெமாஸ்தனீஸ் தன் அரசியல் எதிரி ஐஸ்கினீஸ்மீது வழக்குத் தொடுத்தார். ஐஸ்கினீஸ் அரசியலுக்கு வருமுன் நாடக நடிகர். கிரியோன் வேடம் பலமுறை கட்டியவர். டெமாஸ்தனீஸ் இதே வரிகளை நீதிமன்றத்தில் வாசிக்கச் சொல்கிறார். எதற்கு? கிரியோனைக் கொடுங்கோலன் என்று காட்டவா? இல்லை. மேடையில் இவ்வளவு நல்ல அரசியல் பாடத்தை வாயால் சொன்னவன் தூது போன இடத்தில் அதைக் காற்றில் விட்டுவிட்டான் பாருங்கள் என்று குத்துவதற்கு. மூன்றாம்நிலை நடிகர்களுக்குக் கொடுங்கோலன் வேடம்தானே கிடைக்கும் என்று போகிற போக்கில் ஒரு நக்கல் வேறு. ஆக, அந்த உரை ஏதென்ஸ் காதில் நல்ல தேசபக்த உரையாகத்தான் விழுந்திருக்கிறது. நம் காலத்துக்கு வந்தால், தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறையில் கைதிகள் இந்த நாடகத்தைப் போட்டபோது கிரியோனாக நடித்தவர் நெல்சன் மண்டேலா. ஆட்சியில் அமர்ந்து பார்க்கும்வரை மனிதனை அறிய முடியாது என்ற அதே வரிகளைத்தான் அவரும் பின்னாளில் தன் வரலாற்றில் பாராட்டி எடுத்துக்காட்டினார். அந்த மனிதனின் பிடிவாதமும் குருட்டுத்தனமும் தலைவனுக்கு ஆகாது என்பதையும் சேர்த்தே சொன்னார்.

ஆணையின் உள்ளடக்கத்துக்கும் ஏதென்ஸில் முன்மாதிரி இருந்தது. இதைப் பலர் கவனிப்பதில்லை. துரோகிகளையும் கோயில் கொள்ளையரையும் ஏதென்ஸின் ஆட்டிகா மண்ணில் புதைக்கக்கூடாது என்பது அவர்கள் சட்டம். பாரசீகரைக் கடற்போரில் வென்று ஏதென்ஸைக் காப்பாற்றிய தெமிஸ்டோக்ளீஸே துரோகி என்று தீர்க்கப்பட்டு, பாரசீக அரசின் நிழலில் மக்னீசியாவில் இறந்தார். அவர் விருப்பப்படி எலும்புகளை ஊருக்குக் கொண்டுவந்து யாருக்கும் தெரியாமல் ஆட்டிகாவில் புதைத்ததாக உறவினர்கள் சொல்லிக்கொண்டார்கள் என்று வரலாற்றாசிரியர் தியூசிடிடீஸ் எழுதுகிறார். ரகசியமாகச் செய்யக் காரணம், துரோகத்துக்காக நாடு கடத்தப்பட்டவரை அங்கே புதைக்க அனுமதி இல்லை. சோஃபகிளீஸின் தலைமுறைக்கு இது தாத்தா காலத்துக் கதை அல்ல, தங்கள் வாழ்நாளில் நடந்தது. தடைபட்ட உடலை உறவினர்கள் இருட்டில் புதைக்கும் காட்சியை மேடையில் பார்த்த சிலருக்காவது அந்தப் பெயர் நினைவுக்கு வந்திருக்கும் என்பது என் ஊகம்.

அப்படியானால் கிரியோன் செய்தது சட்டப்படி சரியா? இங்கேதான் அவன் கோட்டைத் தாண்டுகிறான். ஏதென்ஸ் சட்டம் சொன்னது 'எங்கள் மண்ணில் வேண்டாம்' என்று மட்டும்தான். எல்லைக்கு வெளியே கொண்டுபோய் உறவினர்கள் அடக்கம் செய்யத் தடையில்லை. கிரியோன் உடலை எல்லைக்கு வெளியே எறியவில்லை. ஊருக்குப் பக்கத்திலேயே கிடத்தி, காவல் போட்டு, அழுகவிடுகிறான். விளைவை நாடகத்தின் பின்பகுதியில் குருட்டுச் சோதிடர் டைரீசியஸ் வந்து சொல்கிறார்: பிணத்தைத் தின்ற பறவைகளும் நாய்களும் அந்த மாமிசத்தைப் பலிபீடங்களில் கொண்டுவந்து போடுகின்றன, பலி நெருப்பு பற்ற மறுக்கிறது, தெய்வங்கள் வேண்டுதலை ஏற்பதில்லை. யாருக்காக அந்த ஆணை போட்டானோ அந்த ஊரையே ஆணை தீட்டாக்கிவிட்டது. கிரியோன் தோற்பது குடும்பத்திடம் என்று எழுதுகிறவர்கள் இந்த இடத்தை மறந்துவிடுகிறார்கள். அவன் முதலில் தோற்பது ஊர் நலன் என்ற தன் சொந்த அளவுகோலில்.

சரி, அரசுச் சட்டம் என்று ஒன்றும் குடும்பக் கடமை என்று ஒன்றும் தனித்தனியாக இருந்தனவா? ஏதென்ஸில் ஆர்கான் என்ற உயர் பதவிக்குத் தேர்வானவரை உட்கார வைத்துக் கேட்ட கேள்விகளை அரிஸ்டாட்டிலின் பெயரில் வழங்கும் ஏதென்ஸ் அரசியலமைப்பு நூல் பட்டியல் போடுகிறது. அப்பா யார், அம்மாவின் அப்பா யார், குலதெய்வ வழிபாட்டிடம் எங்கே, குடும்பக் கல்லறைகள் உண்டா, எங்கே இருக்கின்றன, பெற்றோரை நன்றாகக் கவனித்துக்கொள்கிறாயா, வரி கட்டுகிறாயா, போருக்குப் போனாயா. கல்லறையைக் காட்ட முடியாதவனிடம் அரசு பதவியைத் தராது. இன்னொரு சட்டம் இன்னும் கூர்மையானது. மகனை விபசாரத்துக்கு வாடகைக்கு விட்ட தகப்பனை, அந்த மகன் வளர்ந்தபின் காப்பாற்ற வேண்டியதில்லை, வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தகப்பன் இறந்தால் புதைத்து, செய்ய வேண்டியதைச் செய்தே ஆகவேண்டும். அப்படிப்பட்ட தகப்பனுக்கே ஈமக்கடன் தப்பாது என்று சட்டம் எழுதிய அரசு அது. குடும்பக் கடமை ஏதென்ஸில் சட்டத்துக்கு வெளியே நின்ற உணர்ச்சி கிடையாது, சட்டத்தின் ஒரு பகுதி.

அதே நேரம் அந்தக் கடமையை அரசு மெல்லத் தன் கைக்கு எடுத்துக்கொண்டும் இருந்தது. கி.மு. 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஏதென்ஸுக்குச் சட்டம் இயற்றிய சோலோன் சாவு வீட்டில் பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைப்பதற்குக் கட்டுப்பாடு போட்டார். ஐந்தாம் நூற்றாண்டில் போரில் இறந்தவர்களின் எலும்புகளை ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு பெட்டி என்று சேர்த்து, கெராமைக்கோஸ் பகுதியில் பொதுச் செலவில் அடக்கம் செய்தார்கள். இறந்தவனுக்காக அவன் அம்மா பேசுவதில்லை. அரசு தேர்ந்தெடுத்த ஒருவர் பேசுவார். ஏதென்ஸின் தலைவர் பெரிக்ளீஸின் புகழ்பெற்ற உரை அப்படி வந்ததுதான். டயோனைசஸ் விழாவில், நாடகம் தொடங்குமுன், போரில் தகப்பனை இழந்து அரசு செலவில் வளர்ந்த பிள்ளைகளை ஆயுதம் அணிவித்து அரங்கில் அணிவகுக்க வைப்பார்கள். 'ஆன்டிகனி' போன்ற நாடகங்கள் அரங்கேறிய விழா அது. அந்த அரங்கில் உட்கார்ந்து ஒரு பெண், 'என் அண்ணன் என்னுடையவன், அவனை என்னிடமிருந்து பிரிக்கக் கிரியோனுக்கு என்ன உரிமை' என்று கேட்பதைக் கேட்டால் எப்படி இருந்திருக்கும்! சோஃபகிளீஸ் அரசியலுக்கு வெளியே நின்று இதை எழுதவும் இல்லை. ஏதென்ஸின் கூட்டமைப்புக் கருவூலத்தில் பதவி வகித்தவர், சாமோஸ் போரில் பெரிக்ளீஸோடு தளபதியாக இருந்தவர். இந்த நாடகத்தின் வெற்றியால்தான் அவரைத் தளபதியாகத் தேர்ந்தெடுத்தார்கள் என்று ஒரு பழைய குறிப்பு சொல்கிறது. நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம், ஆனால் அப்படி ஒரு கதை உருவானதே சுவையான விஷயம்.

இனி கிரியோனின் இன்னொரு முகம். அவன் அந்தப் பெண்ணின் தாய்மாமன். அப்பா இல்லை, அண்ணன்மார் இறந்தாயிற்று. ஏதென்ஸ் வழக்கப்படி பெண்ணுக்கு ஓர் ஆண் காப்பாளர் வேண்டும். ஆன்டிகனிக்கும் அவள் தங்கை இஸ்மீனிக்கும் அது கிரியோன்தான். பொலினைசீஸை அடக்கம் செய்ய வேண்டிய பொறுப்பு முதலில் விழுவதே வீட்டில் எஞ்சியிருக்கும் மூத்த ஆண் மேல், அதாவது இவன்மேல். அவன் செய்ய வேண்டியதை அவன் செய்யாததால்தான் ஒரு பெண் இறங்கிச் செய்கிறாள். தான் எதை வெட்டுகிறோம் என்று தெரிந்தே வெட்டுகிறான் கிரியோன். 'என் அக்காள் தங்கை பெற்றவளாக இருக்கட்டும், எங்கள் வீட்டு முற்றத்துச் சீயுஸைக் கும்பிடுகிற எல்லோரையும்விட நெருங்கிய ரத்தமாகவே இருக்கட்டும், தப்ப மாட்டாள்' என்ற பொருளில் அவன் பேசும் வரி நாடகத்தில் இருக்கிறது. பிறகு மகனிடம், சொந்தக்காரர்களையே அடக்கமில்லாமல் வளர்த்தால் வெளியாரை எப்படி ஆள்வேன் என்கிறான். குடும்பத்தை அவன் மறக்கவில்லை. குடும்பத்தையும் ஒரு சின்ன ராஜ்யமாகத்தான் அவனுக்குப் பார்க்கத் தெரிகிறது. ஆன்டிகனியைக் கொன்றால் மகனின் திருமணம் என்னாவது என்று இஸ்மீனி கேட்கும்போது, உழுவதற்கு வேறு வயல்கள் இருக்கின்றன என்று பதில் வருகிறது.

நாடகத்தின் உயிர் என் கணக்கில் ஹீமோன் காட்சிதான். மேற்கோள் காட்டுகிறவர்கள் எல்லோரும் ஆன்டிகனி பேசும் 'எழுதப்படாத, அசையாத தெய்வச் சட்டங்கள்' வரிகளோடு நின்றுவிடுகிறார்கள். ஆனால் அரசியல் வாதம் முழுமையாக வெளிவருவது ஹீமோன் வாயில். அவன் பணிவாகத்தான் ஆரம்பிக்கிறான். உங்கள் முகத்தைப் பார்த்தால் ஊர்க்காரன் எவனும் வாய் திறக்க மாட்டான். ஆனால் இருட்டில் அவர்கள் பேசுவது என் காதில் விழுகிறது. இந்தப் பெண்ணுக்குப் பொன்னால் மரியாதை செய்ய வேண்டும் என்கிறார்கள். வெள்ளத்தில் வளைந்து கொடுக்கிற மரம் கிளையோடு தப்பும், எதிர்த்து நிற்பது வேரோடு போகும். பேச்சு சூடாகிறது. ஊர் சொல்லி நான் ஆள வேண்டுமா என்கிறான் கிரியோன். ஒரே ஆளுக்குச் சொந்தமான ஊர் ஊரே இல்லை என்கிறான் மகன். ஆள்பவனுக்குத்தானே ஊர் சொந்தம் என்று திருப்பிக் கேட்கிறான் தகப்பன். அப்படியானால் யாருமில்லாத பாலைவனத்தில் நீங்கள் நன்றாக ஆள்வீர்கள் என்கிறான் ஹீமோன்.

கவனியுங்கள், இங்கே குடும்பத்தின் பெயரால் ஒரு வார்த்தைகூட வாதமாக வைக்கப்படவில்லை. தான் கட்டிக்கொள்ளப் போகிற பெண் என்பதை ஹீமோன் காரணமாகக் காட்டவே இல்லை. ஊரின் பெயரால் ஊர் ஆணையை எதிர்க்கிறான். கிரியோன் போட்டது ஊரின் சட்டமா, அவன் ஒருவனின் வாய்ச்சொல்லா என்ற கேள்வி வெட்டவெளிச்சமாகிறது. அதே கிரியோன் சற்று முன்னால், ஊர் யாரைப் பதவியில் வைத்ததோ அவனுக்குச் சின்ன விஷயத்திலும் நியாயமான விஷயத்திலும் அதற்கு நேர்மாறானதிலும்கூடக் கீழ்ப்படிய வேண்டும் என்று சொல்லியிருக்கிறான். முதல் உரையில் கைதட்டிய ஏதென்ஸ்காரர்கள் இந்த இடத்தில் நெளிந்திருப்பார்கள். இன்னொன்று. தொடக்கத்தில் சொன்ன தண்டனை, ஊர் நடுவில் கல்லெறிந்து கொல்வது. அதற்கு ஊரார் கை வேண்டும். ஊர் அவள் பக்கம் என்று மகன் சொன்ன கொஞ்ச நேரத்தில் தண்டனை மாறுகிறது: ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் பாறைக் குகையில் உயிரோடு அடைத்து, ஊருக்குப் பழி வராத அளவுக்குக் கொஞ்சம் உணவு மட்டும் வைப்பது. இதைத் தற்செயல் என்று நான் எடுத்துக்கொள்வதில்லை.

ஆன்டிகனியைக் குடும்பக் கடமையின் வடிவம் என்று சொல்வதிலும் ஓட்டை இருக்கிறது. அவளுக்கு ஒரு தங்கை உண்டு, இஸ்மீனி. முதல் காட்சியில் பயந்து பின்வாங்கியவள், அக்கா பிடிபட்டதும் தானும் சாகத் தயாராக வந்து நிற்கிறாள். ஆன்டிகனி அவளைச் சேர்த்துக்கொள்ள மறுக்கிறாள், வார்த்தையால் சுடுகிறாள். குகைக்குப் போகும் வழியில் அரச குடும்பத்தில் எஞ்சிய ஒரே ஒருத்தி நான்தான் என்கிறாள். இஸ்மீனி உயிரோடு இருக்கிறாள்! அவள் கணக்கிலேயே இல்லை. வெறுப்பில் சேர நான் பிறக்கவில்லை, அன்பில் சேரவே பிறந்தேன் என்று கிரியோனிடம் சொன்ன அதே வாய். உயிரோடு இருக்கும் உறவைவிட இறந்த உறவு அவளுக்குப் பெரிது. இறந்தவர்களோடுதான் நெடுங்காலம் இருக்கப் போகிறேன் என்று அவளே காரணமும் சொல்கிறாள்.

அப்புறம் அந்தச் சர்ச்சைக்குரிய பகுதி. சாகப் போகுமுன் அவள் சொல்கிறாள்: இறந்தது என் கணவனாகவோ என் குழந்தையாகவோ இருந்தால் ஊரை எதிர்த்து இதைச் செய்திருக்க மாட்டேன், கணவன் போனால் வேறொருவன் கிடைப்பான், பிள்ளையும் பெற்றுக்கொள்ளலாம், பெற்றோர் இருவரும் மண்ணுக்குள் போனபிறகு இன்னொரு அண்ணன் எனக்கு எங்கே பிறப்பான்? ஜெர்மன் கவிஞர் கதேவுக்கு இந்த வரிகள் பிடிக்கவே இல்லை. இவை சோஃபகிளீஸ் எழுதியவை அல்ல, இடைச்செருகல் என்று யாராவது அறிஞர் நிரூபித்தால் நன்றாக இருக்கும் என்று 1827இல் தன் நண்பர் எக்கர்மானிடம் சொன்னார். அவர் ஆசைக்கு இடையூறாக நிற்பது அரிஸ்டாட்டில். அவர் தன் சொற்பொழிவுக்கலை நூலில் இந்த வரியை எடுத்துக்காட்டுகிறார், எந்தச் சந்தேகமும் இல்லாமல். வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸிலும் இதே தர்க்கம் வருகிறது: பாரசீக மன்னன் டேரியஸ், தான் குடும்பத்தோடு மரண தண்டனை விதித்த இன்டஃபெர்னீஸின் மனைவியிடம் குடும்பத்தில் ஒருவர் உயிரை மட்டும் தருகிறேன், யார் வேண்டும் என்று கேட்க, அவள் கணவனையும் பிள்ளைகளையும் விட்டு அண்ணன் தம்பியைக் கேட்கிறாள். ஆனால் அங்கே உயிரோடு இருப்பவனைக் காப்பாற்றக் கேட்கிறாள். இங்கே அண்ணன் பிணமாகிவிட்டான், தர்க்கம் கொஞ்சம் கோணுகிறது. எனக்கு அந்தக் கோணல் பிடிக்கும். எல்லோருக்கும் பொதுவான தெய்வச் சட்டம் என்று சற்று முன்னால் முழங்கியவள், தனியாக நிற்கும்போது, ஈடிபஸின் மகளான தனக்கு இந்த ஒருவன்தான் என்ற அளவுக்கு வந்து சேர்கிறாள். ஈடிபஸ் அறியாமல் தன் தாயையே மணந்ததால் தாயே பாட்டியும் ஆன வீட்டில் பிறந்தவளுக்குக் குடும்பம் என்றால் பிறந்த வீடு மட்டும்தான். புகுந்த வீடு என்ற ஒன்றை அவள் தேர்ந்தெடுக்கவே இல்லை.

இவ்வளவு கோணல்கள் அவளிடம் இருந்தும், செய்த செயல் சரி என்று நாடகம் தீர்ப்புச் சொல்கிறது. அதனால்தான் ஹெகலின் தராசு எனக்கு ஒத்துவரவில்லை. டைரீசியஸ் வந்து சொல்லும்போது, 'இருவரும் பாதி பாதி தவறு' என்று சொல்லவில்லை. மேலே இருக்க வேண்டியவளைக் கீழே அடைத்தாய், கீழே போக வேண்டியவனை மேலே கிடத்தினாய் என்று கிரியோனை மட்டுமே குற்றம் சாட்டுகிறார். கிரியோனும் கடைசியில், பழமையாக நிலைத்த சட்டங்களைக் காத்து வாழ்வதே நல்லது போலிருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறான். பிறகு ஒரு சின்ன விவரம். நாடகத்தின் பாடற்குழுவான தீப்ஸ் முதியோர் குழு தெளிவாகச் சொல்கிறது: முதலில் போய்ப் பெண்ணை விடுவி, அப்புறம் உடலுக்குக் கல்லறை எழுப்பு. அவன் முதலில் பொலினைசீஸின் உடலுக்குப் போகிறான். கழுவி, எரித்து, மேடு எழுப்பி, எல்லாம் முறையாக முடித்துவிட்டுக் குகைக்கு வரும்போது அவள் தூக்கில் தொங்கிக்கொண்டிருக்கிறாள். மகன் தகப்பனை வாளால் குத்தப் பாய்கிறான், குறி தவறுகிறது, அதே வாளில் தானே விழுகிறான். இதில் மட்டும் கிரியோனும் ஆன்டிகனியும் ஒன்று: இருவருமே உயிரோடு இருப்பவரை விட்டுவிட்டு இறந்தவனிடம் போனவர்கள்.

இதே மோதல் இப்படித்தான் முடிய வேண்டும் என்று கிரேக்க நாடகத்தில் விதி எதுவும் இல்லை. சோஃபகிளீஸே எழுதிய 'அயாஸ்' நாடகத்தில், படைத்தலைவர்களை இரவில் கொல்ல முயன்று, பித்துப்பிடித்து ஆடுமாடுகளை வெட்டி, அவமானத்தில் தற்கொலை செய்துகொண்ட வீரனைப் புதைக்கக் கூடாது என்கிறார்கள் மெனலாவுசும் அகமெம்னானும். அண்ணனுக்காகத் தம்பி டியூசர் நிற்கிறான். கிட்டத்தட்ட அதே வழக்கு. ஆனால் அங்கே செத்தவனின் பரம எதிரியான ஒடிசியஸ் வந்து, நாளைக்கு எனக்கும் இதே நிலைதானே என்று பேசி அகமெம்னானை இறங்கிவர வைக்கிறான். உடல் அடக்கமாகிறது. தீப்ஸில் அப்படி ஒருவன் நேரத்துக்கு வரவில்லை, அல்லது வந்த ஹீமோனைத் தகப்பன் கேட்கவில்லை.

ஈஸ்கிலஸின் 'ஒரெஸ்டேயா' முத்தொகுதி (கி.மு. 458) அரசு குடும்பக் கடமையை எடுத்துக்கொள்ளும் கதையாகவே பெரும்பாலும் படிக்கப்படுகிறது. தகப்பனைக் கொன்ற தாயைக் கொல்ல வேண்டியது மகன் ஒரெஸ்டீஸின் கடமை. தாயைக் கொன்றவனைத் துரத்த வேண்டியது பழிதேவதைகளின் கடமை. குடும்பக் கடமை குடும்பக் கடமையோடு முட்டுகிறது. வெளியே வர வழியே இல்லாத இடத்தில் அதீனா ஏரியோபாகஸ் குன்றில் நீதிமன்றம் அமைக்கிறாள், வாக்கு சமமாக விழுகிறது, அவன் விடுதலை. ரத்தப்பழி முடிந்தது, சட்டம் பிறந்தது என்று கொண்டாடுவார்கள். நிஜ ஏதென்ஸ் அவ்வளவு நேர்க்கோட்டில் போகவில்லை. சோலோனுக்கும் முந்திய சட்டமியற்றியவர் டிராகோவின் கொலைச் சட்டத்தைக் கி.மு. 409இல் மறுபடி கல்லில் வெட்டினார்கள். அதன்படி கொலைகாரனை எதிர்த்து அறிவிப்புச் செய்வதும் வழக்கு நடத்துவதும் இறந்தவனின் உறவினர் வேலைதான். திட்டமிடாத கொலையில் மன்னிப்பதாக இருந்தாலும் தகப்பன், அண்ணன் தம்பி, மகன்கள் எல்லோரும் ஒப்ப வேண்டும், ஒருவர் மறுத்தால் மறுத்ததுதான். அரசு கட்டடம் கட்டிக் கொடுத்தது. உள்ளே நின்று வாதாடியது குடும்பம்.

இந்த இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கிடந்ததை மேடைக்கு வெளியே பார்க்க வேண்டுமானால் கி.மு. 406. ஆர்கினூசே கடற்போரில் ஏதென்ஸ் வென்றது. ஆனால் புயலைக் காரணம் காட்டி, கவிழ்ந்த கப்பல்களிலிருந்து தத்தளித்தவர்களையும் இறந்தவர்களையும் தளபதிகள் மீட்காமல் விட்டுவிட்டார்கள். மக்கள் சபையில் விசாரணை. உறவினர்கள் என்று கறுப்பு உடையில், தலையை மழித்துக்கொண்டு ஒரு கூட்டம் வந்து நின்றது. எதிர்க்கட்சி ஏற்பாடு செய்த ஆட்கள் அவர்கள் என்கிறார் வரலாற்றாசிரியர் செனஃபோன். வென்ற தளபதிகளில் ஊரில் இருந்த ஆறு பேருக்கு மரண தண்டனை. எல்லோரையும் மொத்தமாக ஒரே வாக்கில் விசாரிப்பது சட்டவிரோதம் என்று அன்று எதிர்த்து நின்றவர் சாக்ரடீஸ். துரோகிகளை ஆட்டிகாவில் புதைக்கக் கூடாது என்று மேலே சொன்ன சட்டம் அன்றைய சபையில் தளபதிகளுக்காக வாதாடியவரின் பேச்சிலும் வருகிறது. அந்தச் சட்டப்படியாவது தனித்தனியாக விசாரியுங்கள் என்று கெஞ்சினார். குடும்பத் துக்கத்தின் பெயரால் சட்டத்தை ஏறி மிதித்தது அரசு. கிரியோன் எந்தப் பக்கம், ஆன்டிகனி எந்தப் பக்கம் என்று இங்கே பிரித்துக் காட்டுங்கள் பார்க்கலாம்.

அடுத்து என்ன படிக்கலாம் என்று கேட்டால் யூரிபிடீஸின் 'ஃபினீசியப் பெண்கள்' என்பேன். 'ஆன்டிகனி'க்கு 30 ஆண்டுகள்போலப் பிந்தியது, அதே ஊர், அதே போர், அதே கிரியோன். அங்கே டைரீசியஸ் வேறு சேதி கொண்டுவருகிறார்: உன் மகன் மெனோசியஸைப் பலி கொடுத்தால் தீப்ஸ் பிழைக்கும். நாட்டைவிட வேண்டியவன் பெரிதல்ல என்று சோஃபகிளீஸிடம் முழங்கியவன், யூரிபிடீஸிடம் ஒரு நொடிகூட யோசிக்காமல் ஊர் எக்கேடும் கெடட்டும் என்று மகனுக்கு வழிச்செலவுக்குப் பணம் தேடுகிறான், ஓடிப்போ என்கிறான். சரி என்று தலையாட்டிய பையன் தகப்பனை ஏமாற்றிவிட்டு மதில்மேல் ஏறித் தன்னையே பலி கொடுத்துவிடுகிறான். அப்புறம் கிரியோன், பிணத்தைக் கழுவிக் கிடத்தித் தர வேண்டும் என்று சகோதரி ஜொகாஸ்டாவைத் தேடி வருகிறான். உயிரோடு இருப்பவன் இறந்தவனுக்கு மரியாதை செய்து கீழுலகத் தெய்வத்தை வணங்க வேண்டும் என்கிறான். நம் கையில் இருக்கும் பிரதியில், அந்த வரிக்குச் சில நூறு வரிகள் தாண்டி, பொலினைசீஸைப் புதைக்கக் கூடாது என்று ஆணை போடுவதும் அதே ஆள்தான்.